புதன்கிழமை வீட்டுக்காரி

பதினோரு வருஷம் குலசிங்கத்துக்கு நான் பெண்டாட்டி,
புதன்கிழமை தோறும்,
மாலை ஆறு ஐம்பதிலிருந்து ஏழே கால் வரை.
அவர் சொரிமுத்து, நான் பேச்சியம்மா.
ரெண்டு ஏக்கர் வாழை, ஒரு செவலை மாடு,
வயசே ஏறாத ஒரு மகன்.
ஒரு குலையும் நாங்கள் வெட்டியதில்லை.
மாடு இசைத்தட்டில் இருந்தது, மூன்றாவது வரியில்.

நிஜத்தில் நான் எஸ்தர் ஞானப்பூ,
பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு.
அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.
அறுபத்தாறில் ஒரு நாடகக் குழுவோடு கப்பலேறி வந்து
பொருட்காட்சித் திடலில் ஏழு நாள் ராஜா,
எட்டாம் நாள் குழு திரும்பியபோது
மஞ்சள் காமாலையோடு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்.
பிறகாவது ஏன் போகவில்லை என்றால்,
"டிக்கட் ராசாட உடுப்புக்குள்ள இருந்தது.
உடுப்பு கப்பல்ல போயிட்டுது."

வானொலியில் முதல் தடவை கழித்துவிட்டார்கள்:
'உச்சரிப்பு இவ்வட்டாரத்ததன்று.'
மூன்று மாதம் ஜங்ஷன் பஸ் நிலையத்தில் நின்றார்,
எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல்.
சேரன்மகாதேவிக்காரர் 'வாரும்வே' சொல்வதற்கும்
திசையன்விளைக்காரர் சொல்வதற்கும் நடுவில்
எவ்வளவு இழுவை என்று
நோட்டில் கோடு போட்டுக் குறித்தார்.
இரண்டாம் தேர்வில் தேறினார்.
அன்றைக்குத் தோற்றவர்
அசல் சேரன்மகாதேவிக்காரர்.

கார்டுகள் வரும்:
அண்ணாச்சி, உங்களுக்குக் களக்காடா, ஏர்வாடியா?
எங்க சித்தப்பா பேசுத மாதிரியே இருக்கு.

வருஷத்துக்கு ஒருதரம் கொக்கிரகுளம் போய்
வெளிநாட்டவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும்.
எழுத்தர் மேசையில் டிரான்சிஸ்டர்,
அதில் காலை மறு ஒலிபரப்பு.
சொரிமுத்து யூரியா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.
வாய் திறந்த சொரிமுத்துவிடம் எழுத்தர் சொன்னாராம்:
"சத்தம் போடாதேயும்வே, நாடகம் கேக்கேன்."

நிகழ்ச்சிக்கு முப்பத்தைந்து ரூபாய்,
அதற்கு ஏழு கையெழுத்து.
மிச்ச ராத்திரிகளில் மேடை,
விக்கிரமசிங்கபுரம் மில் ஆட்களை வைத்து.
அம்பாசமுத்திரத்தில் ஒருநாள்
இரண்டாம் காட்சியில் கரண்ட் போயிற்று.
திரையை இழுக்க விடவில்லை.
ஓரமாய் உட்கார்ந்து முறத்தில் பயறை உருட்டினார், மழை.
சிரட்டை ரெண்டு, குதிரை.
நாற்பது நிமிஷம், ஒருத்தரும் இருமவில்லை.
வெளிச்சம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம்:
"லைட்டை அமத்துல! நாடகம் தெரிய மாட்டேங்கு!"
அதைவிடப் பெரிய விருது
அவருக்கு யாரும் தரவில்லை.
சின்னதும் தரவில்லை.

எண்பத்து மூன்று, ஜூலையின் கடைசிப் புதன்.
செய்திப் பிரிவில் டெலிபிரிண்டர் ஓயாமல் அடித்தது.
படித்துவிட்டுத்தான் மைக்குக்கு வந்தார்.
பிரதியில் இருந்தது: சொரிமுத்து சிரிக்கிறார்.
சிரித்தார், கத்தரிக்காய் விலைக்கு.
எப்போதும் சிரிக்கிற அளவுதான்.
"சந்தைக்கா போறிய?" என்று நான் கேட்கவேண்டும்.
ஆமா என்று அவர் சொல்லவேண்டும்.

"ஓம்" என்றார்.

நேரடி ஒலிபரப்பு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.
எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்:
"பூசையப் பொறவு வச்சுக்கிடலாம், சோறு ஆறுது."
"மந்திரமெல்லாம் பிரதியில இல்லையே"
என்று மட்டும் பிற்பாடு கேட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு.
மண்டபம் முகாம் முத்திரை, பென்சில் எழுத்து.
ஐயா, நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல்
கடைசியாக் கேட்டது உங்கட நாடகம்.
ஓம் எண்டனீங்கள். நீங்கள் எங்கட எந்த ஊர்?

சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
அன்றைய பிரதி வாழையில் வாடல் நோய்.
நான்காம் பக்கத்தில், எழுதாத இடத்தில்,
பதினோரு வருஷமாய்ப் பெயரில்லாத மாட்டை
முதன்முதலாகக் கூப்பிட்டார்.
"ஏ நெல்லியடி, தண்ணி குடி.
நெல்லியடி, கேக்கா?"

நெல்லி மரத்தடியில் கட்டியிருக்கிற மாடு
என்று அதிகாரி நினைத்திருப்பார்.
இசைத்தட்டில் ஊசி இறங்கியது.
மாடு கத்தியது,
மூன்றாவது வரி, கொஞ்சம் கீறலோடு.